பூந்திக்கொட்டையும் எட்டு முழ வேட்டியும்

பாறையடி மடத்துக்கு யாரும் சோப்பு கொண்டுவருவதில்லை. கொண்டுவரக் கூடாது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. கிணற்றடியில் ஒரு துவைகல்லும் பக்கத்தில் ஒரு மண்பானையும் உண்டு. பானையில் எப்போதும் பூந்திக்கொட்டை ஊறிக்கொண்டிருக்கும். அவரவர் துணியை அவரவர் துவைத்துக்கொள்வார்கள். துவைத்த தண்ணீர் வாழைக்குப் போகும். வாழைக்கு அப்பால் ஓடை.

மடத்தில் இருந்தவர் சிவஞான அம்மை. ஊர் முழுக்க அவரை அம்மை என்றே கூப்பிட்டது. வயது என்னவோ நாற்பத்தைந்துதான் இருக்கும்.

திரவியத்துக்கு அம்மையைவிடப் பதினைந்து வயது கூட. கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார். ஆனாலும் அவருக்குக் குரு என்றால் அம்மைதான். வெள்ளிக்கிழமை காலையில் வருவார், விழுந்து கும்பிடுவார், பந்தியில் சாப்பிடுவார், சாயங்கால பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிடுவார். அம்மை அவரை அண்ணாச்சி என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் திரவியத்துக்கு உள்ளுக்குள் குளிரும்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் கையில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்று எப்போதும் கொண்டுவரும் பழப்பை. மற்றது பெரிய துணிப்பை, வாய் கட்டியிருந்தது. அதைத் தூணுக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அவருக்கு முன்னால் ஒருவர் அம்மையிடம் மறுபிறவியைப் பற்றிக் கேட்டுவிட்டு எழுந்து போனார். திரவியம் தொண்டையைச் செருமினார்.

"அம்மை, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"வீட்டுல துணி துவைக்க எதை வாங்கணும்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அம்மை சிரிக்கவில்லை.

"எப்படிப்பட்டது வேணும்?"

"பிளாஸ்டிக்ல அடைச்சு வரக் கூடாது. ஓடைக்குக் கெடுதல் செய்யக் கூடாது. வேட்டி வெள்ளையா இருக்கணும்." திரவியம் கொஞ்சம் நிறுத்தினார். "உலகம்மா வீட்டுக்குத் திரும்பி வரணும்."

"கடைசியில சொன்னது சோப்புலயா வரும்?"

திரவியம் தலையைக் குனிந்துகொண்டார்.

உலகம்மாள் அவர் மனைவி. தங்கை வீட்டுக்கென்று கடையத்துக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் வேலையாக இருந்தார்கள். வீட்டில் திரவியம் தனியாக இருந்தார். அந்தியில் விளக்கை அவரே ஏற்றினார். திரியை எவ்வளவு தூண்ட வேண்டும் என்று தெரியாமல் தினமும் புகைய விட்டார்.

"எதுல ஆரம்பிச்சுது?" என்று அம்மை கேட்டார்.

"நம்ம ஓடையிலதான், அம்மை."

அது அம்மைக்கும் தெரியும். மழை முடிந்ததும் மடத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து பாலத்தடியில் அடைத்துக் கிடந்த குப்பையை அள்ளினார்கள். திரவியம் முழங்கால் தண்ணீரில் நின்று நாணல் தூரிலிருந்து ஒரு சோப்புத்தூள் பாக்கெட்டை உருவினார். அவர் வீட்டு அலமாரியில் இருக்கிற அதே பாக்கெட். சாயம்கூடப் போகவில்லை. உள்ளே ஒரு சின்ன நண்டு, நுழைந்த வழி தெரியாமல் செத்துக் கிடந்தது. திரவியம் அழுதுவிட்டார். இனி என் வீட்டில் துணி துவைக்கப் பிளாஸ்டிக் வராது என்று தண்ணீரில் நின்றபடியே சங்கற்பம் செய்துகொண்டார்.

வீட்டுக்குப் போய் உலகம்மாளிடம் சொன்னார். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நண்டு பாவம்தான்" என்றாள். இன்னும் ஒரு பல்லை உரித்தாள். "வேண்டுதல் உங்களுது. அங்கப்பிரதட்சணம் நானா?"

திரவியம் சிரித்தார். அவள் வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று நினைத்தார்.

முதல் காரியமாக, வீட்டிலிருந்த நீல நிறச் சோப்புத் திரவத்தைப் பாட்டிலோடு எடுத்துப்போய்ப் பின்பக்கத்துச் சாக்கடையில் கவிழ்த்தார். நுரை முழங்கால் உயரத்துக்குப் பொங்கியது.

"இது எங்க போய்ச் சேரும்?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"சாக்கடைக்கு."

"சாக்கடை?"

திரவியம் பாட்டிலைக் கழுவப் போய்விட்டார்.

பிறகு காகிதப் பெட்டியில் வருகிற தூளை வாங்கினார். அது உப்புத் தண்ணீரில் நுரைக்கவில்லை. அடுத்து, தன் கடையிலிருந்து மூடி போட்ட சம்படம் ஒன்றைக் கொண்டுபோய் எடைக்குப் போடுகிற தூளை வாங்கிவந்தார். காரம் அதிகம். உலகம்மாளின் விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. ரசத்துக்குப் புளி கரைத்தால் எரிந்தது. அப்புறம்தான் பூந்திக்கொட்டை. மடத்தில் இருப்பதே வீட்டிலும் இருக்கட்டும் என்று ஒரு சாக்கு நிறைய வாங்கிவந்தார்.

கொட்டைக்குள் விதை இருக்கிறது, அதை எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. பழைய துண்டில் முழுசாக முடிந்து வாஷிங் மெஷினில் போட்டார். முடிச்சு அவிழ்ந்துகொண்டது. கறுப்பு விதையெல்லாம் உள்ளே கடகடவென்று உருண்டது. ஒன்று தண்ணீர் வெளியேறுகிற வழியில் போய்ச் சிக்கி மெஷின் நின்றுவிட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டுச் சாமான் வரவேண்டும் என்று சொல்லிப் போனார்.

உலகம்மாள் துவைகல்லுக்குத் திரும்பினாள்.

திரவியம் வியாபாரிகள் சங்கத்தில் தன் சங்கற்பத்தைப் பற்றிப் பேசினார். கை தட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அது பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உரித்து எடுத்துத்தான் போர்த்தினார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுத் திரவியம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் ஏன் போனாங்க?" என்று அம்மை கேட்டார்.

"ஒண்ணுமில்ல அம்மை. ஒரு நாள் கடைக்குக் கிளம்பும்போது வேட்டியை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். பழுப்பா இருந்துச்சு. வெள்ளையா இல்லையே, இன்னுங் கொஞ்சம் நல்லாக் கசக்கணும் உலகம்மான்னு சொன்னேன். சத்தமாக்கூடச் சொல்லல."

"அவங்க?"

"ஒரு வார்த்தை பேசல. தோள்ல கிடந்த துண்டை எடுத்துக் கொடியில போட்டா. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தேன். சாப்பாடு இருந்துச்சு, ஆள் இல்ல."

"போன் பேசினீயளா?"

"பேசினேன். தோள் வலிக்கி, சரியானதும் வாரேன்னா. ரெண்டு நாள் விட்டு மறுபடி கேட்டேன். தோள் சரியாயிட்டான்னு கேட்டதுக்கு, சரியாயிட்டுங்கா. அப்ப வாயேன்னேன். தோள்தான் சரியாயிட்டுன்னேன்னு சொல்லி வச்சுட்டா. அதுக்கப்புறம் எடுக்கதே இல்ல."



அம்மை தூணைப் பார்த்தார். "அந்தப் பையில என்ன?"

"துணி, அம்மை. அழுக்குத் துணி. அவ போனதுலேருந்து சேந்துட்டு. வீட்டுல இன்னும் கிடக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாண்டரியில போட்டுட்டு வரலாம்னுதான் எடுத்தேன். எதுல துவைப்பீங்கன்னு லாண்டரிக்காரர்ட்டக் கேட்டேன். தூள்லதான்னாரு. தூள் எதுல வரும்? பாக்கெட்லதான். நமக்குச் சரிப்படாதுன்னேன். 'வெள்ளைக்குத் தூள் போடாம நான் என்ன திருநீறா போட, அண்ணாச்சி?'ன்னு கேக்காரு. பையைத் தூக்கிட்டு வந்துட்டேன்."

"இங்க எதுக்கு?"

"இங்க பூந்திக்கொட்டை இருக்கு. யாராவது..." என்று திரவியம் சுற்றிலும் பார்த்தார். உட்கார்ந்திருந்தவர்கள் அவரவர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பந்தி போட்டாச்சு. சாப்பிட்டுட்டு வாங்க" என்றார் அம்மை.

திரவியம் சாப்பிட்டார். மனசுக்குள் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. அம்மை ஏதோ ஒரு வழி சொல்வார், அதை எழுதி வாங்கிக்கொண்டு போனால் உலகம்மாள் மறுக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டபடி இலையை எடுத்துப்போய்ப் போட்டார்.

கிணற்றடியில் தப்பு தப்பென்று சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தார்.

அம்மை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துவைகல்முன் நின்றிருந்தார். கையில் ஒரு வேட்டி. வாளி ஓரத்தில் கிழிந்த பனியன் ஒன்று தொங்கியது. அந்தப் பனியனைத் திரவியத்துக்குத் தெரியும்.

ஓடினார். ஈரத்தில் கால் வழுக்கி, வாழையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மை! வைங்க! கீழ வைங்க! என்ன காரியம் செய்யிறீங்க?"

"துவைக்கேன்."

"எனக்குப் பாவம் சேந்துரும், அம்மை!"

"எதுக்குப் பாவம்? அழுக்குத்தான?"

"என் அழுக்கு! அதை நீங்க தொடலாமா?"

அம்மை வேட்டியைத் திருப்பிப் போட்டார். அடிக்கரையில் பித்தளை தேய்த்த கறுப்பு வரியாகப் பிடித்திருந்தது. அதன்மேல் ஒரு கை பூந்திக்கொட்டைத் தண்ணீரை ஊற்றினார்.

"யாரு தொடலாம்?"

திரவியம் வாயைத் திறந்தார். ஒரு பேர் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

அம்மை கறுப்பு வரியைக் கசக்கிக்கொண்டே இருந்தார். 

"கேட்டேன், அண்ணாச்சி."

திரவியம் சட்டையைக் கழற்றி வாழை மட்டையில் மாட்டினார். பக்கத்தில் வந்து, தீர்த்தம் வாங்குவதுபோல இரண்டு கையையும் நீட்டினார்.

"குடுங்க."

அம்மை ஈர வேட்டியை அவர் கைகளில் வைத்தார். கை கீழே இறங்கியது. இடுப்பில் கட்டுகிற வேட்டிக்கு இத்தனை கனம் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

அம்மை வாழை நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். முறத்தில் காய்ந்த பூந்திக்கொட்டை இருந்தது. ஒவ்வொன்றாகத் தட்டி விதையை எடுத்துத் தனியாகப் போட்டார். எப்படித் துவைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

திரவியம் கையை விட்டுப் பானையிலிருந்து சக்கையோடு அள்ளி வேட்டியில் தேய்த்தார். ஒரு துளி தெறித்துக் கண்ணில் பட்டது.

"ஐயோ! எரியுதே!"

"எரியும். தண்ணி ஊத்திக் கழுவுங்க."

கழுவினார். கண் சிவந்துபோனது.

"இப்படி எரியும்னு உலகம்மா ஒரு நாள்கூடச் சொல்லல, அம்மை."

"கேட்டீயளா?"

விதை ஒன்று முறத்தில் விழுந்து உருண்டது. திரவியம் குனிந்து கசக்க ஆரம்பித்தார். கறுப்பு வரி லேசில் போகவில்லை. ஒரு பக்கம் கசக்கினார், மறுபக்கம் கசக்கினார், கல்லில் அடித்தார். மூச்சு வாங்கியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். வாளியில் இன்னும் வேட்டிகள் கிடந்தன. எல்லாவற்றிலும் அதே கறுப்பு வரி.

"கடையில வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டா இவ்வளவு கறை ஆகாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உலகம்மாள் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறாள். சொன்னவள் குரலிலேயே அது அவர் வாயிலிருந்து வந்தது.

அலசி முடித்தபிறகு வேட்டியைப் பிழியப் பார்த்தார். எட்டு முழ வேட்டி. இந்த முனையை முறுக்கினால் அந்த முனை மண்ணில் புரண்டது. அந்த முனையை எடுத்தால் இந்த முனை நழுவியது. மறுபடியும் அலசினார். மறுபடியும் மண்ணானது.

"அம்மை, தப்பா நினைக்காதீங்க. அந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சாப் போதும். ஒரு ஆளால பிழிய முடியல."

"முடியாதா?"

"முடியாது அம்மை. ரெண்டு ஆள் வேணும்."

"இத்தனை வருஷமும் வீட்டுல அந்த முனையை யாரு பிடிச்சா?"

திரவியம் வேட்டியைப் பிடித்தபடி நின்றார்.

வீட்டுக் கிணற்றடியில் தண்ணீர்க் குழாய் ஒன்று நட்டு நிற்கும். உலகம்மாள் வேட்டியை அதில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, உடம்பைச் சாய்த்து முறுக்குவாள். மெஷின் வருவதற்கு முன்னால் தினமும். மெஷின் நின்ற பிறகு மறுபடியும். குழாய்க்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி உண்டு. காலை வெயில் அங்கேதான் நன்றாக விழும். திரவியம் அதில் உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார். பேப்பரில் தண்ணீர் தெறித்தால், "பாத்துப் பிழி" என்பார்.

மடத்துக் கிணற்றடியில் நின்ற முருங்கை மரத்தில் திரவியம் வேட்டியைச் சுற்றினார். இரண்டு முனையையும் பிடித்துச் சாய்ந்து முறுக்கினார். தண்ணீர் கொட்டியது. வலது தோளில் சுரீர் என்றது.

அவர் சத்தம் போடவில்லை. அடுத்த வேட்டியை எடுத்தார்.

எல்லாம் கொடிக்குப் போனபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மலைக்காற்று அடித்தது. திரவியம் படியில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் சுருங்கி வெளுத்திருந்தது. சாயங்கால பஸ் வருகிற நேரத்துக்குள் வேட்டிகள் காய்ந்துவிட்டன. அவரே எடுத்து மடித்தார். மடிப்பு கோணலாக வந்தது.

அம்மை பக்கத்தில் வந்து நின்றார்.

"வெள்ளையா இருக்கா, அண்ணாச்சி?"

திரவியம் ஒரு வேட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பழுப்புத்தான். உலகம்மாள் துவைத்ததைவிடவும் ஒரு படி பழுப்பு. அடிக்கரையில் கறுப்பு வரியின் நிழல் அப்படியே இருந்தது.

அதை மெதுவாகக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவ துவைச்சது வெள்ளையாத்தான் இருந்துச்சு, அம்மை."

அம்மை உள்ளே போய் ஒரு சின்னத் துணிமுடிப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். மத்தியானம் முழுக்கத் தட்டி எடுத்த பூந்திக்கொட்டை.

"விதை எடுத்தது" என்றார்.

திரவியம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பைக்குள் வேட்டிகளுக்கு மேலே பத்திரமாக வைத்தார். விழுந்து கும்பிட்டு எழுந்தார். எழும்போது தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வாரேன் அம்மை. நேரா கடையத்துக்குத்தான் போறேன். உலகம்மாவைக் கூட்டிட்டு வந்துருதேன்."

"வீட்டுல என்ன வேலை கிடக்கு?"

"வேலை ஒண்ணும் இல்ல. ரெண்டு வாளி துணி கிடக்கு. அவ வந்து..."

அந்த வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார்.

"அதைத் துவைச்சுட்டுப் போங்க" என்றார் அம்மை.

திரவியம் தலையை ஆட்டினார். பையைத் தோளில் மாட்டி, வலித்ததும் மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு வாசல்வரை போனார். ரோட்டில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஒரு எட்டு வைத்தவர் திரும்பி வந்தார். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அம்மை. வீட்டு வாளியில உலகம்மா சேலையும் ரெண்டு கிடக்கு."

"சரி."

"காயப்போடுத கொடி மொட்டை மாடியில. நாலு வீட்டுக்குத் தெரியும், அம்மை."



"சேலைக்கும் பூந்திக்கொட்டை நல்லதுதான், அண்ணாச்சி."